கட்டிய செல்கள் போன பிறகு: எனாமல் பற்றி வாசகர் கேள்விகள்

சென்ற இதழில் பல் கூச்சம் பற்றிய கேள்விக்குப் பதில் எழுதும்போது, பல்லை மூடியிருக்கும் கடினமான மேலுறையைப் பற்றி, ‘எனாமலுக்கு உயிர் கிடையாது’ என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்குத்தான் இந்த மாதம் அதிகக் கடிதங்கள். சிலருக்கு வருத்தம், சிலருக்குக் கோபம், ஒரு மாணவிக்கு அடக்க முடியாத ஆர்வம். முப்பத்தொரு ஆண்டுகள் பல் மருத்துவ மாணவர்களுக்குத் திசுவியல் கற்பித்தவள் நான். பல்லைப் பிடுங்கிய நாட்களைவிட, பிடுங்கிய பல்லை அறுத்துத் தேய்த்து நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்த நாட்களே என் வாழ்வில் அதிகம். அதனால் இந்தப் பக்கம் முழுவதையும் எனாமலுக்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: டாக்டர் அம்மா, நான் விலங்கியல் மாணவி. உயிரில்லாத ஒரு பொருள் எப்படி வளரும்? எப்படி இறுகும்? எலும்பு உருவாவதைப் போலத்தானா?

எலும்பின் கதை வேறு, அம்மா. எலும்பைக் கட்டும் செல்களில் ஒரு பகுதி அந்த எலும்புக்குள்ளேயே தங்கிக் குடித்தனம் நடத்துகின்றன. எனாமலில் ஒரு செல்கூட இல்லை, இரத்தக் குழாய் இல்லை, நரம்பும் இல்லை. ஆனால் அதைக் கட்டியவை உயிருள்ள செல்கள்தாம். அமெலோபிளாஸ்ட் என்று பெயர். வாயின் உட்தோலிலிருந்து தாடைக்குள் இறங்கும் ஒரு சிறு மொட்டு மணி போலக் குழிந்து வரும்போது, அந்தக் குழிவின் உட்பக்கத்தில் இவை வரிசை கட்டி நிற்கும். எதிரே டென்டின் என்னும் உட்பல்லைச் சுரக்கும் செல்கள் நிற்கும். முதலில் டென்டின்தான் படிய வேண்டும். அது படியத் தொடங்கிய பிறகே எனாமல் செல்கள் வேலையைத் தொடங்கும். இந்த முறை மாறுவதே இல்லை.

ஒரு அமெலோபிளாஸ்டின் அகலம் சுமார் 5 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). ஒரு தலைமுடியின் குறுக்களவில் பத்துக்கு மேல் அடுக்கலாம். ஆனால் உயரம் அகலத்தைப் போலப் பத்து மடங்குக்கும் மேல். நெருக்கி நட்ட கம்பங்களைப் போல நிற்கும். சுரந்துவிட்டு ஓர் அடி பின்வாங்கும், மறுபடி சுரக்கும், மறுபடி பின்வாங்கும். மனிதப் பல்லில் நாளொன்றுக்குச் சுமார் 4 மைக்ரான். கடைவாய்ப் பல்லின் மேட்டில் எனாமலின் தடிமன் 2.5 மில்லிமீட்டர் வரை வரும். கணக்குப் போட்டுப் பாருங்கள், அந்த ஓரிடத்தை எட்டவே ஒன்றரை ஆண்டுக்கு மேல் ஆகும்.

அப்படித் தடிமன் முழுவதும் வந்துவிட்ட பிறகும் அது கல்லாக இருக்காது. கத்தியால் சுரண்டினால் வழிந்து வரும். ஏனென்றால் இதுவரை சுரந்ததில் பெரும்பகுதி புரதமும் நீரும். புரதத்தில் பத்தில் ஒன்பது பங்கு அமெலோஜெனின். அந்தக் கூழுக்குள் கால்சியம் பாஸ்பேட் படிகங்கள் நாடாக்களைப் போல நீளமாக ஓடும். நீளம் சரியாக இருக்கும், ஆனால் மிகவும் மெலிந்திருக்கும்.

இனிமேல் நடப்பதுதான் எனக்கு இத்தனை ஆண்டுக்குப் பிறகும் வியப்புத் தருவது. எனாமல் இறுகுவதற்கு முதலில் அதிலிருந்து பொருளை வெளியேற்ற வேண்டும். எம்எம்பி20, கேஎல்கே4 என்ற இரண்டு நொதிகள் அந்தப் புரதத்தைத் துண்டு துண்டாக நறுக்குகின்றன. அந்தத் துண்டுகளும் நீரும் வெளியே போகப் போக, காலியான இடத்தில் படிகங்கள் பருத்துக்கொண்டே வருகின்றன. கால்சியத்தையும் பாஸ்பேட்டையும் உள்ளே அனுப்புவது அதே செல்கள்தாம். இதற்காக அவை குட்டையாகி, உருவத்தையே மாற்றிக்கொள்கின்றன. படிகம் வளரும் ஒவ்வொரு முறையும் அமிலம் பிறக்கும். அதை அப்படியே விட்டால் வளர்ந்த படிகம் கரைந்துவிடும். ஆகவே செல்கள் பைகார்பனேட்டைச் சுரந்து அந்த அமிலத்தை அடக்குகின்றன. எலிகளில் எண்ணிப் பார்த்திருக்கிறார்கள்: சுரக்கும் வேலை முடிந்து இறுக்கும் வேலை தொடங்கும் அந்த இடைவெளியில் நாலில் ஒரு பங்கு செல்கள் மடிந்துவிடுகின்றன, இறுக்கும் காலத்தில் இன்னொரு பங்கு. மிஞ்சியவை வேலையை முடிக்கின்றன. கடைசியில் எடைக்கு எடை 96 சதவீதம் கனிமம். உடம்பில் இதைவிடக் கடினமான பொருள் இல்லை.

நீங்கள் விலங்கியல் மாணவி என்பதால் ஒன்று சொல்கிறேன். ஆய்வகத்தில் வாய்ப்பு கிடைத்தால் எலியின் கீழ்த்தாடை வெட்டுப்பல்லைப் பாருங்கள். அது வாழ்நாள் முழுவதும் வளர்வதால், எனாமலின் எல்லாப் பருவங்களும் ஒரே பல்லில் அடியிலிருந்து நுனி வரை வரிசையாகக் கிடக்கும். தாடை எலும்பை மெல்ல உடைத்துப் பல்லை முழுதாக எடுத்து, மேலே ஒட்டியிருக்கும் செல் படலத்தை ஈரத் துணியால் துடைத்து உலரவிடுவோம். அடிப்பக்கம் கண்ணாடி மாதிரி இருக்கும். ஊசி முனையை வைத்தால் இறங்கும். சற்று மேலே வந்ததும், கோடு கிழித்தாற்போல, சுண்ணாம்பு வெள்ளையில் ஒரு பகுதி தொடங்கும். புரதம் போய்விட்டது, படிகம் இன்னும் நிரப்பவில்லை, இடைவெளியில் காற்று புகுந்துவிட்டது. அந்த வெறுமைதான் வெள்ளையாகத் தெரிகிறது. இன்னும் மேலே போனால் வெள்ளை மறைந்து மஞ்சளும் ஆரஞ்சும் வரும். அங்கே ஊசி ‘கிறீச்’ என்று வழுக்கிக்கொண்டு போகும். இரண்டரை சென்டிமீட்டர் கூட இல்லாத ஒரு பல்லில் கூழ் கல்லாவதை விரல் நுனியிலேயே உணரலாம். முதன்முறை அதைத் தொட்டுப் பார்க்கும் மாணவர்கள் எல்லோரும் திரும்ப அடிக்குப் போய் மறுபடி ஊசியை வைத்துப் பார்ப்பார்கள்.

கேள்வி: எலும்பு முறிந்தால் கூடுகிறது, தோல் கிழிந்தால் ஆறுகிறது. எனாமல் மட்டும் ஏன் திரும்ப வளர்வதில்லை? ‘எனாமலை மீண்டும் வளர்க்கும்’ என்று பற்பசை விளம்பரங்கள் சொல்வது உண்மையா?

வளர்க்க ஆள் இல்லை. வேலை முடிந்த செல்கள் ஒரு மெல்லிய படலமாகச் சுருங்கிப் பல்லைப் போர்த்திக்கொண்டிருக்கும். பல் ஈறைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும்போது அந்தப் படலம் போய்விடும். அன்றோடு சரி. அறுபது, எழுபது ஆண்டுகளுக்கு அந்தச் சுவரை வைத்துத்தான் காலம் தள்ள வேண்டும்.

ஆனால் பழுதுபார்ப்பு நடக்கிறது. நம் உமிழ்நீரில் கால்சியமும் பாஸ்பேட்டும் நிறைவாக இருக்கின்றன. வாயில் பிஹெச் அளவு (அது குறையக் குறைய அமிலம் அதிகம் என்று பொருள்) ஏறத்தாழ 5.5க்குக் கீழே இறங்கினால் எனாமல் கரையும், மேலே ஏறினால் கரைந்த இடத்தில் கனிமம் திரும்பப் படியும். ஒவ்வொரு வேளை சாப்பாட்டுக்குப் பிறகும் இந்த இழுபறி நடக்கிறது. ஃபுளோரைடு சேர்ந்த படிகம் சுமார் 4.5 வரை தாக்குப்பிடிக்கும். ஃபுளோரைடு பற்பசையை நான் வற்புறுத்துவது அதனால்தான். சொத்தையின் முதல் அடையாளமான வெண்புள்ளியை இப்படி மீட்க முடியும். குழி விழுந்துவிட்டால் முடியாது. ‘வளர்க்கும்’ என்ற சொல்லை அந்த விளம்பரங்கள் பயன்படுத்துவதை நான் ஏற்கவில்லை. குழியை வைத்துக்கொண்டு, பற்பசை பார்த்துக்கொள்ளும் என்று மாதக்கணக்கில் காத்திருந்து, நரம்பு வரை போன பிறகு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இதோடு சேர்த்து எல்லாப் பெற்றோரும் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. புதிதாக முளைத்த பல்லின் மேற்பரப்பு இன்னும் முழு உறுதியை எட்டியிருக்காது. உமிழ்நீரிலிருந்து கனிமங்களை வாங்கிக்கொண்டு அது மேலும் இறுகுகிறது. ஆறு வயதில் கடைசிப் பால் பல்லுக்குப் பின்னால் சத்தமில்லாமல் ஒரு நிரந்தரக் கடைவாய்ப் பல் முளைக்கும். எந்தப் பால் பல்லும் விழாமல் வருவதால் பலர் அதையும் பால் பல் என்றே நினைத்துவிடுகிறார்கள். அதன் ஆழமான வெடிப்புகளில் சொத்தை விழ அந்த முதல் இரண்டு மூன்று ஆண்டுகளே போதும். பல் மருத்துவரிடம் காட்டி அந்த வெடிப்புகளை அடைத்துவிட வேண்டுமா என்று கேளுங்கள்.

கேள்வி: என் மகனுக்கு ஏழு வயது. பால் பல் முத்துப் போல வெள்ளையாக இருந்தது. புதிதாக முளைத்த முன்பற்கள் மஞ்சளாக, நுனியில் ரம்பம் போல இருக்கின்றன. ஏதாவது குறைபாடா?

இல்லை. பால் பல்லின் எனாமல் மெல்லியது, கனிமம் சற்றுக் குறைவு, அதனால் பால் வெள்ளையாகத் தெரியும். நிரந்தரப் பல்லின் எனாமல் ஒளியை ஊடுருவ விடும். உள்ளே இருக்கும் டென்டினின் மஞ்சள்தான் நீங்கள் பார்ப்பது. பக்கத்தில் பால் பல்லும் இருக்கும்போது மஞ்சள் இன்னும் கூடுதலாகத் தோன்றும். ரம்ப நுனி, அந்தப் பல் மூன்று மேடுகளாகத் தொடங்கி ஒன்றாகச் சேர்ந்ததன் அடையாளம். கடிக்கக் கடிக்கத் தேய்ந்து நேராகிவிடும். வெளுக்க வைக்கிறேன் என்று எதையும் தேய்க்காதீர்கள்.

கேள்வி: எலியின் பல் ஏன் ஆரஞ்சு நிறத்தில் இருக்கிறது? சுறாவுக்குச் சொத்தையே வராதாமே? விலங்குகளின் எனாமல் நம்முடையதைவிடக் கடினமா?

எலியின் ஆரஞ்சு நிறம் இரும்பு. இறுக்கும் பருவத்தில் அதன் அமெலோபிளாஸ்ட்கள் இரும்பைச் சேர்த்துவைத்து, கடைசியில் மேற்பரப்பில் இறக்கிவிடுகின்றன. எலியின் வெட்டுப்பல்லில் எனாமல் முன்பக்கம் மட்டும்தான் உண்டு. பின்பக்கத்து டென்டின் சீக்கிரம் தேயும், முன்பக்கம் தேயாமல் நிற்கும், அதனால் உளி முனை எப்போதும் கூராகவே இருக்கும். வாரத்துக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர் வளர்கிறது. மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒன்றையொன்று தொடாமல் கோணினால் பல் வளைந்து வளர்ந்து வாயை மூட முடியாமல் போய்விடும். மரத்தை அறுத்து வீழ்த்தும் பீவருக்கும் இதே ஆரஞ்சுப் பல்தான். படிகங்களுக்கு இடையில் இருக்கும் இரும்புக் கலவை அமிலத்தைத் தாங்கும் வலிமையைத் தருகிறது என்று 2015இல் வெளியான ஆய்வு காட்டியது. 2024இல் கொமோடோ உடும்பின் பல் விளிம்பிலும் இரும்புப் பூச்சைக் கண்டறிந்தார்கள்.

சுறாவைப் பற்றி ஒரு திருத்தம். அதன் பல்லை மூடியிருப்பது நம் எனாமல் போன்ற ஒன்று, ஆனால் அதை உருவாக்குவதில் டென்டின் பக்கத்துச் செல்களுக்கும் பங்கு உண்டு. அதன் கனிமத்தில் ஃபுளோரைடு நிறைந்திருக்கிறது. அப்படியானால் நம் பல்லைவிடக் கடினமாக இருக்க வேண்டுமே என்று எல்லோரும் நினைத்தார்கள். 2012இல் அளந்து பார்த்தபோது கடினத்தில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தன. நம் எனாமலில் நுண்ணிய கோல்கள் ஒன்றின் மேல் ஒன்று குறுக்காகப் பின்னிக் கிடக்கின்றன. விரிசல் விழுந்தாலும் அது நேராக ஓட முடியாமல் திசை மாறி நின்றுவிடும். கனிமத்தில் உள்ள குறையை இந்தப் பின்னல் ஈடுகட்டுகிறது. சுறாவுக்குப் பழைய பல் விழுந்து புதுப் பல் வந்துகொண்டே இருக்கும். நமக்கு அது இல்லை.

குதிரையையும் பசுவையும் பாருங்கள். அவற்றின் கடைவாய்ப் பல்லில் எனாமல் மடிப்பு மடிப்பாகப் பல்லுக்குள்ளேயே இறங்கியிருக்கும், இடையிடையே டென்டினும் சிமென்ட்டம் என்ற எலும்பு போன்ற பொருளும் இருக்கும். மூன்றும் மூன்று வேகத்தில் தேய்வதால் மேற்பரப்பு அரம் போலச் சொரசொரப்பாகவே இருக்கும். யானையின் கடைவாய்ப் பல்லும் இப்படித்தான், எனாமல் தகடுகளின் அடுக்கு. தந்தத்தில் மட்டும் எனாமல் இல்லை. முளைக்கும்போது நுனியில் ஒரு தொப்பி போல இருந்து தேய்ந்துவிடும், மீதி முழுக்க டென்டின். உடம்பில் கவசம் போர்த்திய அர்மடில்லோவும் மரக்கிளையில் தலைகீழாகத் தொங்கித் திரியும் ஸ்லாத்தும் எனாமலையே கைவிட்ட பாலூட்டிகள். பல்லில்லாத திமிங்கலங்களில் எம்எம்பி20 நொதியின் மரபணு இன்னும் கிடக்கிறது, உடைந்துபோய், வேலை செய்யாமல்.

ஒரு செய்தியைச் சொல்லாமல் இந்தப் பதிலை முடிக்க மனம் வரவில்லை. தாய்ப்பாலில் கால்சியத்தைத் தாங்கி நிற்கும் கேசீன் புரதங்களின் மரபணுக்களும் எனாமல் புரதங்களின் மரபணுக்களும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. பல் முந்தியது, பால் பிந்தியது.

கேள்வி: என் மகளுக்கு ஆறு வயதில் முளைத்த கடைவாய்ப் பற்கள் முளைக்கும்போதே பழுப்பாக இருந்து, சில மாதங்களில் பொடிந்துவிட்டன. இனிப்பு கொடுத்துக் கெடுத்துவிட்டேன் என்று வீட்டில் எல்லோரும் என்னைத்தான் சொல்கிறார்கள். அவள் பல் துலக்கவே அழுகிறாள்.

முதலில் இதை வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டுங்கள். முளைக்கும்போதே பழுப்பாக இருந்த பல்லை இனிப்பு கெடுத்திருக்க முடியாது. அந்தப் பற்களின் எனாமல் அவள் பிறந்ததை ஒட்டித் தொடங்கி, மூன்று வயதுக்குள் தாடைக்குள்ளேயே உருவாகி முடிந்தது. அந்தக் காலத்தில்தான் ஏதோ இடறியிருக்கிறது.

மேலே சொன்ன இரண்டு கட்டங்களை நினைவில் வைத்தால் இது எளிதில் புரியும். சுரக்கும் கட்டத்தில் செல்கள் தடுமாறினால் எனாமல் மெலிந்தோ குழிகுழியாகவோ வரும். நாய்க்குட்டிக்கு டிஸ்டெம்பர் காய்ச்சல் வந்து பிழைத்தால் நிரந்தரப் பற்களில் இப்படிக் குழிகள் இருக்கும். இறுக்கும் கட்டத்தில் தடுமாறினால் தடிமன் சரியாக இருக்கும், ஆனால் புரதம் முழுதாக வெளியேறாமல் தங்கிவிடும், கனிமம் குறையும். அப்படிப்பட்ட பல் வெளியே வந்து மென்று அழுத்தம் பட்டதும் பொடியும். உங்கள் மகளுக்கு இருப்பது இரண்டாவது வகையாக இருக்க வாய்ப்பு அதிகம். முதல் கடைவாய்ப் பற்களையும் பெரும்பாலும் முன்பற்களையும் சேர்த்துத் தாக்கும், ஏனென்றால் அவை ஒரே காலத்தில் உருவாகின்றன. சிறு வயதுக் காய்ச்சல்கள் உட்படப் பல காரணங்கள் பேசப்படுகின்றன, எதையும் ஒற்றைக் காரணமாகச் சுட்ட முடியவில்லை. ஆகவே ‘நான் என்ன செய்துவிட்டேன்’ என்று உங்களை வதைத்துக்கொள்ளாதீர்கள்.

இந்தப் பல் குளிர்ந்த நீர் பட்டாலே சுரீர் என்று வலிக்கும். அவள் அழுவது பிடிவாதம் இல்லை, வலி. வெதுவெதுப்பான நீரில், மிக மென்மையான பிரஷ்ஷால் துலக்கிவிடுங்கள். குழந்தைகள் பல் மருத்துவரிடம் தாமதிக்காமல் காட்டுங்கள். ஃபுளோரைடு பூச்சு, அடைப்பு, மிகவும் பொடிந்திருந்தால் உறை என்று வழிகள் இருக்கின்றன.

இதே போலப் பழுப்புக் கறை ஓர் ஊரில் எல்லோருக்கும் இருக்கிறது என்றால் தண்ணீரைச் சோதிக்க வேண்டும். 1901இல் அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸுக்குப் போன ஃபிரெடரிக் மெக்கே என்ற பல் மருத்துவர், ஊரார் பற்களில் பழுப்புக் கறையைக் கண்டு பல ஆண்டுகள் அதைத் துரத்தினார். அந்தப் பற்களில் சொத்தை குறைவாக இருந்ததையும் கவனித்தார். தண்ணீரில் மிகுந்திருந்த ஃபுளோரைடுதான் காரணம் என்பது 1931இல்தான் தெரிந்தது. எனாமல் இறுகும் பருவத்தில் ஃபுளோரைடு அளவு மீறினால் புரதம் வெளியேறுவது தடைப்படுகிறது, நுண்துளைகள் மிஞ்சுகின்றன. குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. முளைத்த பல்லின் மேல் படும் சிறிதளவு ஃபுளோரைடு காக்கும்; உருவாகும் பல்லுக்கு உடம்பு வழியாக அளவு மீறிப் போனால் கெடுக்கும். சிறு குழந்தை பற்பசையை விழுங்காமல் பார்த்துக்கொள்ளச் சொல்வது அதனால்தான்.

கேள்வி: புளிப்பான பானம் குடித்தவுடன் பல் துலக்குவது நல்லதுதானே?

வேண்டாம். அந்த நேரத்தில் எனாமலின் மேற்பரப்பு அமிலத்தில் நெகிழ்ந்திருக்கும், பிரஷ் அதைத் தேய்த்துக்கொண்டு போய்விடும். வெறும் நீரால் கொப்பளித்துவிட்டு, அரை மணி நேரமாவது உமிழ்நீருக்கு அவகாசம் கொடுங்கள்.

கேள்வி: அகழாய்வில் கிடைக்கும் பல்லை வைத்து ஆணா பெண்ணா, என்ன வயது என்றெல்லாம் சொல்கிறார்களே, எப்படி?

எனாமல் ஒருமுறை உருவானபின் மறுபடி கட்டப்படுவதில்லை என்பதால், உருவான காலத்துச் செய்தி அப்படியே தங்கிவிடுகிறது. அமெலோஜெனின் புரதத்தின் மரபணு எக்ஸ் நிறப்புரியிலும் ஒய் நிறப்புரியிலும் தனித்தனியாக, சிறு வேறுபாட்டுடன் இருக்கிறது. வெளியேற்றப்பட்டது போக எனாமலில் மிஞ்சிய துளியில் ஒய் வகை இருந்தால் ஆண். ஸ்பெயினில் வாலன்சினா என்ற இடத்தில் 2008இல் தோண்டியெடுத்த, சுமார் ஐயாயிரம் ஆண்டுப் பழமையான ஒரு செல்வச் செழிப்பான கல்லறையில் இருந்தவரை ஆண் என்றே எண்ணியிருந்தார்கள். பல் எனாமலைச் சோதித்து, அவர் பெண் என்று 2023இல் அறிவித்தார்கள்.

வயதும் நாளும் கோடுகளில் இருக்கின்றன. ஒவ்வொரு நாள் வேலையும் ஒரு மெல்லிய குறுக்குக் கோட்டை விட்டுச் செல்கிறது. ஏறத்தாழ ஒரு வாரத்துக்கு ஒருமுறை அதைவிடத் தடித்த கோடு. பிறந்த அன்று தாயின் உடம்பிலிருந்து வெளி உலகுக்கு வரும் அதிர்ச்சியில் செல்கள் ஒரு கணம் தடுமாறும். அது ஒரு கருங்கோடாகப் பதியும். பால் பற்கள் எல்லாவற்றிலும் அந்தக் கோடு உண்டு.

என் மகளின் கடைவாய்ப் பால் பல் ஒன்று பத்து வயதில் விழுந்தது. அவளிடம் அனுமதி கேட்டு அதை வைர வட்டால் அறுத்து, ஈர உப்புத்தாளில் விரலால் அழுத்தித் தேய்த்தேன். தாளின் கனத்துக்கு வரும் வரை இரண்டு மணி நேரம் ஆனது. விரல் ரேகை வழுவழுத்துப் போயிற்று. நுண்ணோக்கியில் பிறப்புக் கோடு தெளிவாக இருந்தது. அதற்குள்ளே என் வயிற்றில் இருந்தபோது கட்டப்பட்ட எனாமல், அதற்கு வெளியே அவளாக மூச்சுவிடத் தொடங்கிய பிறகு கட்டியது. வெளிப்பக்கத்தில் இன்னொரு கருங்கோடு இருந்தது. ஒரு கோலைப் பிடித்துக்கொண்டு நாள் கோடுகளை மூன்று முறை எண்ணினேன்: 138, 144, 141. பழைய மருத்துவச் சீட்டுகளைத் தேடி எடுத்தேன். அவள் கடும் வயிற்றுப்போக்கில் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டது, பிறந்த 142ஆம் நாள்.